அடுத்த வளவுக்குக் கேளாத மேளம்

1997இல் எங்கள் வீட்டுப் பாட்டின் வேகம் என் வலது கையில் இருந்தது. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, அக்கராயனில் சொந்தக்காரர் ஒருவரின் வளவுக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. ஊரெல்லாம் செய்ததையே நாங்களும் செய்தோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைப் பின் ரயரில் அழுத்தி, மாமா பொருத்தித் தந்த நாலு டயோட்டுக்கு ஊடாக இரண்டு வயரை ரேப் ரெக்கோடருக்கு இழுத்து, பெடலைக் கையால் சுற்றினோம். சீராகச் சுற்றினால் பாட்டு. கை உளைந்தால் பாடகியின் குரல் மெல்ல மெல்ல ஆம்பிளைக் குரலாகும். ட்ரம்ஸ் சேற்றுக்குள் கால் வைக்கும். "சுத்தடா, சுத்து!" என்று அக்கா உள்ளேயிருந்து கத்துவா. நான் பயந்து விசுக்கென்று சுற்ற, அதே பாட்டு நாய் துரத்தினமாதிரி ஓடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ட்ரம்ஸ் என்றால் யாரோ இருந்து அடிப்பது என்று தெரியாது. நான் சுற்றுவதால் வருவது என்றே நினைத்திருந்தேன். எங்களிடம் இருந்த கசற்றுகளில் அதிகம் தேய்ந்தது 'ரோஜா'. அதன் தாளத்தில் எவ்வளவு கை, எவ்வளவு இயந்திரம் என்று கேட்கத் தோன்றியதெல்லாம் வளர்ந்து, சொந்தமாக ஒரு கீபோட் வாங்கிய பிறகுதான். என் மேசையில் இன்றைக்கு ஒரு ட்ரம்ஸ் இருக்கிறது. அதற்குத் தோல் இல்லை, தடி இல்லை, வைப்பதற்கு இடமும் வேண்டாம். அது எங்கே பிறந்து எந்தெந்த வீட்டில் தவழ்ந்து இங்கே வந்தது என்று தேடிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மேசை இருக்கும் அறையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 550 சதுர அடி, ஐந்தரை இலட்சம் ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. அந்தத் திட்டத்து வீட்டில் ஒருமுறையாவது இருந்தவர்களுக்கு அதன் சின்ன அறை எவ்வளவு சின்னது என்று தெரியும். அதைத்தான் ஸ்ரூடியோ என்கிறேன். மடிக்கணினி ஒன்று, இரண்டு மைக் செருகக்கூடிய ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, கீபோட், கதவுக்குப் பின்னால் சாத்திவைத்த தும்பு மெத்தை. கோயில் திருவிழாவுக்கு வெளியிடும் பக்திப் பாட்டு, பொடியள் எழுதிக்கொண்டு வரும் ராப், சாமத்திய வீட்டு வீடியோவுக்குப் பின்னணி என்று வேலை வரும். எல்லாவற்றுக்கும் ட்ரம்ஸ் வேண்டும்.

தொடக்கத்தில் உண்மையான ட்ரம்ஸ்தான் வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. இசைக்குழு வைத்திருந்த நண்பனிடம் ஒரு கிழமைக்கு ஒரு செற் வாங்கி வந்தேன். அறைக்குள் அதை வைத்ததும் கதவு சாத்தவில்லை. சரி, திறந்தே கிடக்கட்டும் என்று இரண்டாம் நாள் இரவு எட்டு மணிபோல அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வளவு அக்கா வேலியடிக்கு வந்தா.

"தம்பி, மற்றதெல்லாம் பரவாயில்லை. அந்த 'டும்' எண்டுற சத்தம் மட்டும் இரவிலை வேண்டாம்."

அதற்குமேல் அவ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போர் முடிந்த 2009க்கு முன்னர் இந்தப் பக்கம் இருந்த எவரிடமும் அதைக் கேட்கத் தேவையில்லை. மறுநாள் காலை ட்ரம்ஸை லாண்ட் மாஸ்டரில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஹெட்போனுக்குள் மட்டும் கேட்கும் ட்ரம்ஸைத் தேடத் தொடங்கியது அன்றுதான். இதற்கு மேலைநாட்டிலும் ஏறக்குறைய இதே காரணம்தான் என்று பிறகு அறிந்தேன். அங்கே அடுக்குமாடி அயலவர், இங்கே அக்கா.

மனிதன் அடிக்காமல் தாளம் வர வேண்டும் என்ற ஆசைக்கு மின்சாரம் புது வழி திறந்தது. 1931இல் லியோன் தெரமின் என்ற ரஷ்யர், ஹென்றி கவல் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்காக 'ரிதமிக்கொன்' என்றொரு கருவி செய்தார். பதினாறு தாளங்களை ஒரேநேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டக்கூடியது. ஆட்டத்துக்கோ பாட்டுக்கோ அது உதவவில்லை. அறிவாளிகள் வியந்துவிட்டுப் போனார்கள். 1959இல் வேர்லிட்சர் கம்பனி 'சைட்மேன்' என்றொரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. வீட்டில் ஓகன் வாசிப்பவருக்குப் பக்கத்துணை. உள்ளே ஒரு மோட்டார் வட்டத் தட்டு ஒன்றைச் சுற்றும். தட்டில் பதித்த தொடுபுள்ளிகளில் கம்பி படும்போதெல்லாம் ஒரு 'டக்', ஒரு 'டிஸ்'. தாளம் விரைய வேண்டுமென்றால் தட்டை விரைவாகச் சுற்ற வேண்டும். அதன் படத்தை முதன்முதல் பார்த்தபோது எனக்கு அக்கராயன் சைக்கிள் சில்லுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் இந்தக் கதையின் மூலவர் ஒரு மணிக்கூடு திருத்துபவர். இக்குதாரோ காக்கெஹாஷி, 1930இல் ஒசாகாவில் பிறந்தவர். போர் முடிந்து எல்லாம் இடிந்து கிடந்த ஜப்பானில், கியூஷூ தீவுக்குப் போய், பதினாறு வயதில் மணிக்கூடு திருத்தும் கடை போட்டார். பிறகு ரேடியோ திருத்தினார். காசநோய் பிடித்து வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அவரை எழுப்பிவிட்டது. போரில் நொறுங்கிய ஊரில் கையில் அகப்பட்டதைத் திருத்திப் பிழைத்த ஒரு பொடியனை எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஊரில் அந்தக் காலத்து மெக்கானிக் எவருக்கும் இதில் பாதிக் கதையாவது பொருந்தும்.

1964இல் அவருடைய ஏஸ் நிறுவனம் 'ரிதம் ஏஸ் ஆர்-1' என்ற கருவியைச் செய்தது. பொத்தானை அழுத்தினால் ட்ரம்ஸ் சத்தம் வரும். தானாக ஓடாது, நீங்கள்தான் அழுத்த வேண்டும். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். எவரும் வாங்கவில்லை. வாங்காததில் நியாயம் இருக்கிறது: விரலால் அழுத்தவேண்டும் என்றால் விரலுக்கு வேலை குறையவில்லையே. 1967இல் வந்த எஃப்ஆர்-1 தானாக ஓடியது. வால்ட்ஸ், சம்பா, சா-சா-சா என்று பதினாறு தாளங்கள் அதற்குள் முன்கூட்டியே இருந்தன. எந்த இடத்தில் எந்தச் சத்தம் விழவேண்டும் என்பதைத் தீர்மானித்தது உள்ளே வலைபோல் கோத்த டயோட்டுகள். ஹமண்ட் கம்பனி அதைத் தன் ஓகன்களுக்குள் வைத்தது. இலங்கையில் எந்தக் கலியாண வீட்டிலும் ஓடும் பைலா அந்தப் பதினாறில் இல்லை.

1972இல் காக்கெஹாஷி ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் டிஆர்-808 வந்தது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டியின் 'ஸ்ஸ்' என்ற சிணுங்கலுக்கு, தரக்குறைவென்று கழித்துவிடப்பட்ட ட்ரான்சிஸ்டர்களைத் தேடிப் பொறுக்கி வாங்கிப் பயன்படுத்தினார்கள். நல்ல ட்ரான்சிஸ்டரில் அந்த இரைச்சல் வராது. காலப்போக்கில் தொழிற்சாலைகள் திருந்தின. பழுது கிடைப்பது அரிதாயிற்று. 1983இல் 808இன் உற்பத்தி நின்றது. மொத்தம் ஏறத்தாழ 12,000 பெட்டிகள்தான். ட்ரம்ஸ்போல இல்லை என்று வாத்தியக்காரர் ஒதுக்கிய அதைப் பழைய சாமான் கடைகளில் மலிவாக வாங்கிய கறுப்பினப் பிள்ளைகள் ஒரு புது இசையையே கட்டினார்கள். என்னிடம் வரும் ராப் பொடியள் "அண்ணை, எட்டு-நாலு-பூச்சியம்-எட்டு… அது என்ன, அந்த பேஸ் போடுங்கோ" என்று கேட்பது இதைத்தான். எண்ணைப் பிழையாகச் சொன்னாலும் சத்தத்தைச் சரியாகத்தான் கேட்கிறார்கள்.

அதே 1980இல், லொஸ் ஏஞ்சலஸில் ரோஜர் லின் என்ற கிற்றார்காரர் வேறு வழியில் போனார். மின்சுற்றால் ட்ரம்ஸைப் போலி செய்வதை விட்டுவிட்டு, உண்மையான ட்ரம்ஸை ஒருவரை அடிக்கவைத்துப் பதிவுசெய்து, அந்தச் சத்தத்தையே எண்களாக்கிச் சிப்புக்குள் வைத்தார். எல்எம்-1. விலை ஐயாயிரம் டொலருக்கு ஐந்து டொலர் குறைவு. ஐந்நூறு சொச்சம்தான் செய்தார்கள். அதில் ஸ்நேர் என்ற சின்ன ட்ரம் உண்டு, காலால் மிதித்து 'டும்' எழுப்பும் கிக் உண்டு, கைதட்டல்கூட உண்டு. சிம்பல் என்ற உலோகத் தட்டு இல்லை. காரணம் எளிய கணக்கு: அந்தக் கருவியில் ஒரு செக்கன் ஒலிக்கு ஏறத்தாழ 28,000 பைட் இடம் வேண்டும். ஸ்நேரை அடித்தால் அரைச் செக்கனுக்குள் அடங்கிவிடும். சிம்பல் அடங்க ஐந்தாறு செக்கன் எடுக்கும். அன்றைய சிப் விலையில் ஒரு சிம்பலுக்கு இடம் கொடுத்தால் பெட்டியின் விலை எங்கேயோ போய்விடும். ஆகவே அந்த யுகத்தின் பாட்டுகளில் பல சிம்பலை வேறாகப் பதிந்து ஒட்டியவை. என் கைத்தொலைபேசியில் காலை வணக்கப் படங்கள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஓராயிரம் எல்எம்-1 படுத்துறங்கலாம்.

1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வர்த்தகக் காட்சியில் இரண்டு வெவ்வேறு கம்பனிகளின் கீபோட்டுகளை ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்றில் அழுத்த, மற்றதிலும் சத்தம் வந்தது. மிடி பிறந்த நாள் அது. டேவ் ஸ்மித் என்ற அமெரிக்கரும் நம் மணிக்கூட்டுக்காரரும் முன்னின்ற வேலை; முப்பது வருடம் கழித்து இருவருக்கும் அதற்காகக் கிராமி கொடுத்தார்கள். மிடி வயருக்குள் சத்தம் போவதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு பலமாக என்ற தகவல் மட்டும் போகும். கலியாண வீட்டில் தவில்காரருக்குக் கண்ணாலே காட்டுவோமே, 'இப்ப' என்று, அதுபோல. பலத்துக்கு 1 முதல் 127 வரை எண். கோபத்தில் அடித்தாலும் கொண்டாட்டத்தில் அடித்தாலும் 127க்கு மேல் இல்லை.

1991இல் 'ஜெனரல் மிடி' என்று ஒரு பொதுப்பட்டியல் எழுதினார்கள். 36ஆம் இலக்கம் கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹற், 46 திறந்தது. 35இலிருந்து 81 வரை மொத்தம் 47 தாளச் சத்தங்கள். பிரேசிலின் குயிக்கா இருக்கிறது, கியூபாவின் பொங்கோ இருக்கிறது, விசில்கூட இரண்டு விதமாக இருக்கிறது. தபேலா இல்லை. மிருதங்கம் இல்லை. தவில், உடுக்கு, பறை எதுவும் இல்லை. இராகம் வாசிக்கும் கருவிகளின் பட்டியலில் சித்தாரும் ஷெனாயும் இடம்பிடித்துவிட்டன. நம் பக்கத்துத் தோலுக்கு மட்டும் இலக்கம் கிடைக்கவில்லை. இதை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன், திரும்பி வருவேன்.

தமிழ்ப் பாட்டுக்குள் இயந்திரத் தாளம் வந்ததைச் சென்னையில் தேட வேண்டும். 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' கணினியால் இசை கோத்த தொடக்கப் படங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. 1989இல் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தன் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு ஸ்ரூடியோ கட்டினார்: பஞ்சதன் ரெக்கோர்ட் இன். 1992இன் 'ரோஜா' அங்கே உருவானது. ஆக நான் சைக்கிள் சுற்றிக் கேட்ட பாட்டும் ஒரு வீட்டு ஸ்ரூடியோவில் இருந்து வந்ததுதான். என் சின்ன அறைக்கு அது எவ்வளவு தெம்பு என்று சொல்லத் தேவையில்லை.

1996இல் ஜேர்மனியின் ஹாம்பேர்க்கில் இருக்கும் ஸ்டைன்பேர்க் கம்பனி வி.எஸ்.ரி. என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மிக்சிங் பெட்டிகள் செய்யும் வேலையைக் கணினிக்குள் செருகும் சின்ன மென்பொருள்கள் செய்யலாம் என்பது அதன் பொருள். 1999இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. வாத்தியத்தையே மென்பொருளாகச் செருக முடிந்தது. பெட்டிக்குள் இருந்த ட்ரம்ஸ் கணினிக்குள் குடிபுக அது வசதி செய்தது. அதே காலத்தில் வடசுவீடனின் ஊமியோ நகரத்தில் டூன்ட்ராக் என்ற கம்பனி தொடங்கியது. மெஷுக்கா என்ற அந்த ஊர்ப் பாண்டின் ட்ரம்ஸ்காரர் தோமஸ் ஹாக்கே அடித்த அடிகளைத் தனித்தனியாகப் பதிந்து 'ட்ரம்கிற் ஃப்ரம் ஹெல்' என்று விற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், 2005இல் அதே பாண்ட் ஒரு முழு இசைத்தட்டுக்கு அதே மென்பொருளைக் கொண்டே ட்ரம்ஸ் அமைத்தது. அடிக்க ஆள் பக்கத்திலேயே இருக்க, அவருடைய பதிவு அடித்தது.

இவர்களுக்கு முதலில் பிடிபட்ட பிரச்சினை ஒன்று. ஒரே ஸ்நேர் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். மனிதன் அடித்தால் இரண்டு அடி ஒன்றாக இராது. தடி ஒரு நூல் தள்ளி விழும், தோல் முந்திய அடியில் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே பலத்திலேயே ஐந்தாறு அடி பதிந்து மாறிமாறி ஓடவிட்டார்கள். மாற்றாமல் ஓடினால் வரும் அந்தச் செத்த சத்தத்துக்கு ஒலிப்பதிவுக்காரர் வைத்த பெயர் 'மெஷின் கன்'. முதலில் அதை வாசித்தபோது சிரித்துவிட்டேன். பெயர் வைத்தவர் அதைப் படத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் காதுக்குத் தெரியும்: உண்மையானது ஒருபோதும் ஒரே மாதிரிக் கேட்காது. காற்று எந்தப் பக்கம், குளக்கட்டில் பட்டு வருகிறதா, பனங்கூடலுக்கு அப்பாலா இப்பாலா என்று ஒவ்வொன்றும் வேறு. அதை வைத்துத்தான் தூரம் கணக்குப் பார்த்தோம்.

2017இல் டூன்ட்ராக் வெளியிட்ட 'சுப்பீரியர் ட்ரம்மர் 3' பெல்ஜியத்தின் மோல் என்ற ஊரில், கலக்ஸி ஸ்ரூடியோவில் பதிந்தது. ஜோர்ஜ் மாசன்பேர்க் என்ற பெரிய கை பதிந்தார். சத்தங்கள் மட்டும் 230 கிகாபைட்டுக்கு மேல். அந்த ஸ்ரூடியோவின் கொங்கிரீட் அறைகள் சுருள்வில்களின் மேல் நிற்கின்றன. வெளியே என்ன போனாலும் உள்ளே அதிர்வு வராது. நாங்கள் வாங்குவது ட்ரம்ஸை மட்டும் என்று நினைத்தால் ஏமாந்தோம். ஸ்நேருக்கு மேலே ஒரு மைக், பக்கத்தில் ஒன்று, அறையின் மூலையில் இன்னும் சில என்று பதிந்து, அந்த அறையின் சுவரையும் கூரையையும் காற்றையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடி ஒரு அடி அடித்தால், தகரமும் ஓடும் தெரியாத ஒரு பெரிய குளிர் அறை காதைச் சுற்றி நிற்கும். கண்ணைத் திறந்தால் தும்பு மெத்தை.

எனக்கு அவ்வளவு பெரியது கட்டாது. முதலில், உள்ளதைச் சொல்கிறேன், கடையொன்றில் களவுப் பிரதி டிவிடி வாங்கினேன். மூன்றாம் நாள் கணினி முழுக்க வைரஸ். செய்துவைத்த இரண்டு கோயில் பாட்டும் போய்விட்டது. பிறகு ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் என் பிறந்தநாளுக்கு 'ஈசிட்ரம்மர்' என்ற சின்ன ட்ரம்ஸ் மென்பொருளை முறையாக வாங்கித் தந்தான். அதை இறக்கவே நாலு இரவு போனது.

இறக்கியாயிற்று, கீபோட்டைச் செருகியாயிற்று, அழுத்தினேன். சத்தமே இல்லை. கையேடு 'கிக் சி1 கட்டையில்' என்கிறது; நான் அழுத்துவதும் சி1தான். ஒரு பின்னேரம் முழுக்க வயரைக் கழற்றி மாட்டினேன். விசயம் இதுதான்: நடுக் கட்டையான 60ஆம் இலக்கத்தை யமஹாக்காரர் சி3 என்பார்கள், ரோலண்ட்காரர் சி4 என்பார்கள். 36 என்பது ஒருவருக்கு சி1, மற்றவருக்கு சி2. நான் 24இல் அழுத்திக்கொண்டிருந்தேன், அங்கே ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும் எவராவது இப்போது அதே இடத்தில் மாட்டி நின்றால், பெயரை விட்டு இலக்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது பிந்தல். அழுத்தினேன், சத்தம் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. கணினி ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் வெளியே அனுப்பும். பொட்டலம் பெரிதானால் காத்திருப்பும் பெரிது. என்னுடையது 2,048 சாம்பிளில் இருந்தது. ஒரு செக்கனுக்கு 44,100 சாம்பிள்; அதனால் வகுத்தால் 46 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் ஒலி காற்றில் கிட்டத்தட்ட 16 மீற்றர் ஓடிவிடும். அதாவது நான் இங்கே அடிக்க, ட்ரம்ஸ் படலைக்கு வெளியே றோட்டில் நின்று கேட்டது. இன்டர்ஃபேஸின் சொந்த ஏசியோ ட்ரைவரைப் போட்டு 128க்கு இறக்கினேன். மூன்று மில்லிசெக்கன், ஒரு மீற்றர். ட்ரம்ஸ்காரரின் காதுக்கும் ஸ்நேருக்கும் இடைத்தூரம் அவ்வளவுதான். ஆனால் சித்திரை வெயிலில் கணினி சூடேறியதும் சத்தம் எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டமாதிரிப் பொரியத் தொடங்கியது. 256க்கு ஏற்றினேன், அடங்கியது. இந்த ட்ரம்ஸில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அடிக்கும்போது மின்விசிறியை நிற்பாட்டத் தேவையில்லை. மைக்கே இல்லையே. பாடுகிறவருக்குத்தான் அந்தப் புழுக்கம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, கரண்ட் வரும் நேரம் பார்த்து இரவு இரண்டு மணிக்கு எழும்பி வேலை செய்தேன். முழுச் செற் ட்ரம்ஸ் அடித்தேன், கிக் உட்பட. வேலிக்கு அப்பால் அக்காவின் வீட்டில் விளக்கு எரியவில்லை.

இனி விட்ட இடத்துக்கு, இலக்கம் கிடைக்காத நம் தோலுக்கு, வருகிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி ஒரு பக்திப் பாட்டு செய்யக் கேட்டார்கள். பறை வேண்டும் என்றார்கள். மென்பொருளில் தேடினால் தமிழ்நாட்டுப் பறை, அந்த வட்டச் சட்டம், ஒன்றிரண்டு இடத்தில் கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பறை இரண்டு முகமுள்ள உருளை. அதன் சத்தம் வேறு. இல்லாததை நாங்களே செய்வதென்று முடிவெடுத்தேன். எஸ்.எஃப்.ஸெட் என்றொரு வகை உண்டு: ஒலிக்கோப்புகளை ஒரு அடைவில் போட்டு, எந்தக் கட்டைக்கு, எந்தப் பலத்துக்கு, எத்தனையாவது முறைக்கு எது என்று ஒரு எழுத்துக் கோப்பில் எழுதிவிட்டால் போதும், அது வாத்தியமாகிவிடும். காசு ஒன்றும் இல்லை. நாலு வகை அடி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பலம், ஒவ்வொரு பலத்துக்கும் ஆறு தடவை. 120 அடி.

அடிக்க வந்த பெரியவர் அறுபதைத் தாண்டியவர். கதிரையைக் காட்டினேன், விறாந்தை விளிம்பில்தான் இருந்தார். இரண்டாம் முறையும் காட்டினேன், "இது காணும் தம்பி" என்றார். உள்ளேயிருந்த என் சொந்தக்காரர் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பை எதைக் கொடுப்பதென்று அடுப்படியில் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது; அவருக்கும் கேட்டிருக்கும். பறைக்கு இலக்கம் கொடுக்காததற்கு 1991இல் கூடிப் பட்டியல் எழுதியவர்களைத் திட்டலாம், ஆனால் அவர்கள் பறையைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். சாவீட்டில் முதலில் தேடிவிட்டு மற்ற நாளில் படலைக்கு வெளியே நிறுத்துகிற எங்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை.

சின்ன அறைக்குள் அடித்துப் பார்த்தோம். பறை கேட்கவில்லை, அறைதான் கேட்டது. பறை அறைதல் என்பார்கள். அந்த அறைக்குச் சுவர் கிடையாது. முற்றத்து வேம்புக்குக் கீழே மைக்கை வைத்தேன். காலை ஆறு மணி. முதல் பத்து அடியில் மூன்றை மயில் கெடுத்தது. பிறகு பாண்காரரின் ஓட்டோ பீத்தோவனை வாசித்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

"ஐயா, ஒரே ஒரு அடி. பிறகு சத்தம் முழுக்க அடங்கும்வரை அசையக் கூடாது."

ஒரு அடி அடித்தார். கை தன்பாட்டில் இரண்டாவதுக்குப் போய், நடுவழியில் நின்றது. "நிக்குதில்லைத் தம்பி" என்று சிரித்தார். ஐந்தாறு முறைக்குப் பின் பிடிபட்டது. பலமான அடி, நடுத்தரம் எல்லாம் வந்தன. மிக மெல்லிய அடியில்தான் தகராறு.

"இன்னும் மெல்ல, ஐயா."

"இதுக்கு மேலை மெல்ல அடிக்கிறதெண்டா, பறை என்னத்துக்கு?"

ஆகவே எங்கள் பறைக்கு ஐந்து பலம் இல்லை, நாலுதான். மெல்லிய முதல் இருபத்தைந்து எண்ணுக்கும் மிக மெல்லிய அடிக்குப் பதில் அடுத்ததைச் சத்தம் குறைத்து வைத்திருக்கிறேன். அவர் கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

வலது முகத்தின் உச்ச அடியை, கடைசி வரிசையை, பதிந்துகொண்டிருந்தோம். நாலு, ஐந்து. ஆறாவதை அவர் முழுக் கையோடு இறக்கினார். ஒழுங்கையில் இரண்டு சைக்கிள் பிறேக் போட்டது. நிமிர்ந்து பார்த்தேன்: படலையில் ஆறேழு பேர். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வேலியடியில் அக்கா, ஈரக்கையைச் சீலையில் துடைத்தபடி. நான் வாயில் விரல் வைத்துக் காட்டுவதற்குள் கேட்டுவிட்டா.

எல்லோரையும் கூப்பிட்டு விசயத்தைச் சொல்லிச் சிரித்து முடிய அரை மணி. வந்தவர்களுக்காகப் பெரியவர் பிறகு நிறுத்தாமல் கால்மணி நேரம் அடித்தார். அதைப் பதியவில்லை, மைக்கை நிற்பாட்டிவிட்டிருந்தேன். அந்த ஆறாவது அடியை இன்னொருமுறை அடித்துத் தரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல அடி வேறு இல்லை. கோப்பை அப்படியே விட்டேன்.

பொங்கல் பாட்டில் அது மற்ற வாத்தியங்களுக்குள் மறைந்துவிடும். ஆனால் இரவில் ஹெட்போனை மாட்டி, வேறொன்றும் இல்லாமல் பறையை மட்டும் 127இல் விடாமல் அழுத்தினால், ஒவ்வொரு ஆறாவது அடியின் வாலிலும் வேலிக்கு அப்பாலிருந்து கேட்கும்: "ஆர் தம்பி மோசம் போனது?"